பகல் பதினோரு மணி

கோவில்பட்டியில் நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



வேலை தேடிக்கொண்டு அப்பா அம்மாவோடு வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பகல் பொழுதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வேலை வாங்குவது எப்படி என்று சொல்ல வரவில்லை. அதற்கு வகுப்புகள் இருக்கின்றன, வழிகாட்டும் முகாம்கள் இருக்கின்றன, யூடியூபில் தட்டினால் நூறு பேர் சொல்லித் தருகிறார்கள். வேலை கிடைக்கிற வரைக்கும் நடுவில் கிடக்கும் மாதங்களை, சில வீடுகளில் வருஷங்களை, ஒரு பிள்ளை எப்படி வாழ்ந்து கடப்பது என்று பேசத்தான் ஆள் இல்லை. படிப்பு முடித்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். அவர்களைப் பெற்றவர்களும் சிலர் இருக்கிறீர்கள். இரண்டு தரப்பும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து இதைக் கேட்பது எனக்கு மிகவும் நிறைவாக இருக்கிறது.

நான் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலையில் நூலகம் திறந்ததும் முதலில் வருகிறவர்கள் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள். நாளிதழ்கள் அவர்கள் கையில்தான் முதலில் விரியும். அவர்கள் படித்து முடித்து எழுந்திருக்கிற நேரத்தில்தான் பையன்கள் வருவார்கள். பத்தரை, பதினொன்று ஆகிவிடும். வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பார்ப்பார்கள். பிறகு மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து, ஒரே பக்கத்தை வெகுநேரம் விரித்து வைத்திருப்பார்கள். சீக்கிரமே வரலாமே என்று ஆரம்பத்தில் நினைத்திருக்கிறேன். பழகப் பழகத்தான் காரணம் புரிந்தது. அப்பா எட்டரைக்கு வேலைக்குக் கிளம்புவார். அந்த நேரத்தில் அவர் கண்ணில் படக் கூடாது என்று, தூக்கம் கலைந்த பிறகும் போர்வைக்குள்ளேயே கிடப்பார்கள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகு எழுந்து, குளித்து, அம்மா எடுத்து வைத்ததைச் சாப்பிட்டால் பத்து மணி. அதற்குமேல் வீட்டில் இருந்தால் அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். தெருவில் நின்றாலோ வயசுப் பிள்ளை வேறு ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் "இப்ப என்ன பண்ற?" என்று கேட்பார்கள். ஊர் முழுக்க வேலை நடக்கிற பதினோரு மணி அந்தப் பிள்ளைகளுக்கு ஒளிந்துகொள்ள இடம் தேடும் நேரமாக இருந்தது. அப்படி ஒளிய வந்தவர்களுக்கு நூலகம் இடம் கொடுத்தது என்பதில் எனக்குப் பெருமைதான்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. 2022-ல் நம் நாட்டு இளைஞர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடையே வேலையின்மை 3.4 சதவீதம். பட்டதாரிகளிடையே 29.1 சதவீதம். படிக்காதவருக்கு நல்ல வேலை காத்திருக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. அவரால் காத்திருக்க முடியாது, அவ்வளவுதான். அன்றைக்குச் சித்தாள் வேலை கிடைத்தால் சித்தாள், தீப்பெட்டி ஆபீஸில் ஆள் எடுத்தால் தீப்பெட்டி ஆபீஸ். பட்டதாரி காத்திருக்கிறார் என்றால், அவருக்குச் சோறு போட்டுக் காத்திருக்க வைக்க ஒரு வீடு இருக்கிறது. தமிழ்நாடு அரசின் வேலையற்றோர் உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் ஆன பிறகு, குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால்தான். ஆகவே இந்தக் காத்திருப்புக்கு உண்மையில் செலவு செய்வது அப்பாவும் அம்மாவும்தான். தாங்கிப் பிடிக்கிற அதே வீடுதான் நெருக்கவும் செய்கிறது. இதில் யார் மேலும் குற்றமில்லை.

காத்திருப்பு எவ்வளவு நீளம் என்று பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 ஜூலை 24-ம் தேதி அரசுப் பணிகளுக்கான குரூப் 4 தேர்வு நடந்தது. விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம். எழுதியவர்கள் 18 லட்சத்துக்கு மேல். முடிவு வந்தது 2023 மார்ச்சில். பிறகு கூட்டப்பட்ட இடங்களையும் சேர்த்தால்கூடப் பத்தாயிரம் சொச்சம்தான். தேர்வு எழுதிய பிள்ளை எட்டு மாதம் வீட்டில் இருந்தது. அந்த எட்டு மாதத்தில் படிப்பதில் அர்த்தம் தெரியவில்லை, படிக்காமல் இருக்கவும் பயம். வீட்டில் ரிசல்ட் வந்துவிட்டதா என்ற கேள்வி மட்டும் ஓயாது.

வேலையில்லாத பிள்ளையின் நிலை மாறியிருப்பது சினிமாவிலும் தெரிகிறது. 1980-ல் வந்த 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் வேலையில்லாத இளைஞன் அப்பாவோடு முறைத்துக்கொண்டு டெல்லிக்குப் போய், நண்பர்களோடு ஓர் அறையில் பட்டினி கிடப்பான். 2014-ல் 'வேலையில்லா பட்டதாரி'யில் அவன் வீட்டிலேயே இருக்கிறான். சாப்பாடு கிடைக்கிறது, திட்டும் கிடைக்கிறது, சம்பாதிக்கிற தம்பியோடு ஒப்பிடவும் படுகிறான். பசி போய் அந்த இடத்தில் கூச்சம் வந்திருக்கிறது. கூச்சத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

வேலையில்லாத பொழுதைப் பற்றி உலகத்தில் நடந்த மிக முக்கியமான ஆய்வு ஒன்றை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குத் தென்கிழக்கே, மரியன்தால் என்று ஒரு சிற்றூர். ஒரே ஒரு பஞ்சாலைதான் அந்த ஊருக்குப் பிழைப்பு. 1929-ல் ஆலையை மூடத் தொடங்கினார்கள். ஊரில் 478 குடும்பங்கள். பெரும்பாலான குடும்பங்கள் உதவித்தொகையை நம்பி வாழும் நிலைக்கு வந்தன. பவுல் லாசர்ஸ்ஃபெல்டு என்ற இளம் ஆய்வாளர் அப்போது தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஆராய நினைத்தார். நாட்டில் வேலையே இல்லாதபோது ஓய்வு நேரத்தையா ஆராய்வது, வேலையின்மையை ஆராயுங்கள் என்று சோஷலிஸ்ட் தலைவர் ஓட்டோ பாவர் திருப்பிவிட்டார். அப்படித்தான் மரி யகோடா, ஹான்ஸ் சைசல் என்ற ஆய்வாளர்களும் சேர்ந்து அந்த ஊருக்குப் போனார்கள். யகோடாவுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும், அவ்வளவுதான். வேடிக்கை பார்க்க வந்தவர்களாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்து, துணிமணி சேகரித்துக் கொடுத்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள், மருத்துவரைக் கூட்டி வந்தார்கள். அந்த வேலைகளுக்கு இடையேதான் ஊரைக் கவனித்தார்கள். 1933-ல் புத்தகம் வந்தது.

அவர்கள் கண்டதில் நூலகன் என்ற முறையில் என்னை உலுக்கியது ஒன்று. ஆலை ஓடிய காலத்தில் ஊர்த் தொழிலாளர் நூலகத்தில் புத்தகம் எடுக்கக் கட்டணம் உண்டு. ஆலை மூடிய பிறகு கட்டணத்தை நீக்கினார்கள். எல்லாருக்கும் நேரமும் இருந்தது. ஆனால் 1929-க்கும் 1931-க்கும் இடையே புத்தகம் எடுப்பது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஊர்த் தெருவில் ஆண்கள் நடக்கும் வேகம் குறைந்திருந்தது. கொஞ்ச தூரம் போவதற்குள் பலமுறை நின்றார்கள். காலையில் என்ன செய்தீர்கள் என்று குறித்துத் தரச் சொன்னபோது, எழுந்ததையும் மதியம் சாப்பிட்டதையும் தவிர எழுத அவர்களிடம் ஒன்றுமில்லை. நடுவில் என்ன நடந்தது என்று அவர்களுக்கே நினைவில்லை.

இதை நம் பிள்ளைகளிடம் நான் நேரில் பார்த்திருக்கிறேன். கல்லூரி நாட்களில் வாரம் ஒரு நாவல் எடுத்த பையன், படிப்பு முடிந்து நேரம் முழுக்கக் கையில் வந்த பிறகு ஒரு புத்தகமும் எடுப்பதில்லை. "நேரம் கிடக்கு சார், மனசுதான் இல்ல" என்பான். ஆகவே நேரம் கிடைத்தால் மனுஷன் தானாகப் படிப்பான், பாடுவான், தோட்டம் போடுவான் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடலாம். வரப்பில்லாத நிலத்தில் மழைத் தண்ணீர் எப்படி நிற்கும்? பொழுதுபோக்குப் பட்டியல் ஒன்றைத் தந்து இதையெல்லாம் செய்யுங்கள் என்று சொல்வதால் பயனில்லை என்று நான் நினைப்பது அதனால்தான். கிடார் கற்றுக்கொள், கோடிங் கற்றுக்கொள், ஐந்து மணிக்கு எழு என்று கேட்டுக் கேட்டு, அதையும் செய்ய முடியவில்லையே என்ற வருத்தம் கூடுதலாகச் சேர்வதுதான் மிச்சம்.

யகோடா பல வருஷங்கள் கழித்து, 1982-ல், இன்னொரு புத்தகம் எழுதினார். வேலை ஒருவருக்குச் சம்பளம் போக வேறு சிலவற்றையும் தருகிறது என்றார். நாளைக் கூறு போட்டுத் தருகிறது. குடும்பத்துக்கு வெளியே மனிதர்களைத் தருகிறது. பலர் சேர்ந்து செய்யும் ஒரு காரியத்தில் பங்கு தருகிறது. நான் இன்னார் என்று சொல்லிக்கொள்ள வழி தருகிறது. தினமும் ஏதாவது செய்தே ஆக வேண்டிய கட்டாயத்தையும் தருகிறது. பெற்றோர் வீட்டில் இருக்கும் பிள்ளைக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும் சோறும் கூரையும் உண்டு. அங்கே இல்லாமல் போவது மற்றவைதான். அதிலும் நான் முதலாவதாக வைப்பது, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு என் முதல் யோசனையும் இதுதான். வாரத்தில் சில நாட்களாவது, குறித்த நேரத்தில், நீங்கள் வராவிட்டால் "ஏன் வரல?" என்று கேட்க வீட்டுக்கு வெளியே ஓர் ஆள் இருக்க வேண்டும். அது சம்பளமுள்ள காரியமா என்பது அடுத்த கேள்வி.

2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது நான் இதைக் கண்ணால் பார்த்தேன். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்க, அந்தந்தத் தெருவில் இருக்கிறவர்களையே தன்னார்வலர்களாக எடுத்தார்கள். மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். மாதம் 1,000 ரூபாய். ஏறக்குறைய 2 லட்சம் பேர் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். நூலகத்துக்கு வரும் பெண் ஒருவர், கணிதப் பட்டதாரி, அதில் சேர்ந்தார். அதற்கு முன் யாரிடமும் பேசாமல் வந்து போகிறவர். சேர்ந்த பிறகு, "ஆறாம் வகுப்புக்குக் கதைப் புத்தகம் இருக்கா சார்?" என்று அதிகாரத்தோடு கேட்டார். மதியமே அடுத்த பாடத்தைத் தயாரித்தார். சாயங்காலம் பிள்ளைகள் தலைவாசலில் வந்து நின்று "மிஸ்" என்று கூப்பிடுவார்களாம். அவர் வீட்டிலும் தெருவிலும் பேச்சு மாறியது. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் பாடப் புத்தகங்களைத்தான் புரட்டுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதையே நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் மனதில் எப்படித் தங்கும் என்று அவரே சொன்னார்.

அரசுத் திட்டம் இல்லாவிட்டால் நடக்காது என்று நினைக்க வேண்டாம். பக்கத்துத் தெருவில் ஐந்து பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு திண்ணை போதும். நூலகத்துக்கு வர முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோகும் 'நூலக நண்பர்கள்' திட்டம் 2022-ல் தொடங்கப்பட்டது. கண் மங்கிய ஒரு தாத்தாவுக்கு வாரம் ஒருநாள் புத்தகம் கொண்டுபோகிற பையனுக்கு அந்த நாள் வந்தால் எழுந்து குளிக்கக் காரணம் இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வ பயிலும் வட்டம் இலவசமாக வகுப்பு நடத்துகிறது. அங்கே கிடைக்கிற பாடத்தைவிட, பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற ஆளைப் பெரிதாக நினைக்கிறேன்.

வேலை தேடுவதற்கும் தினமும் ஒரு முடிவு நேரம் வையுங்கள். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் விண்ணப்பம், மெயில், போன் எல்லாம் முடித்து மூடிவிடுங்கள். நாள் முழுக்கத் தேடுகிறேன் என்று போனைக் கையில் வைத்திருப்பவர் தேடுவதும் இல்லை, ஓய்வதும் இல்லை. வேலைக்குப் போகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு. வேலையில்லாதவருக்கு அதுவும் பறிபோகிறது. ஒரு சினிமாவுக்குப் போனால்கூட, வேலையில்லாமல் சினிமாவா என்று வீடு பார்க்கிறது. வாரத்தில் ஒருநாள் அவர்களும் குற்றவுணர்ச்சி இல்லாமல் படம் பார்க்கட்டும், கிரிக்கெட் ஆடட்டும்.

இராத்திரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பகலில் ஒளிந்த பிள்ளைக்கு வீடு தூங்கிய பிறகுதான் தன்னிச்சையான நேரம் கிடைக்கிறது. இரண்டு மணி வரை போன் வெளிச்சம் எரிவது அதனால்தான். அந்த நேரத்தில்தான் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களும் கூப்பிட்டன. தமிழ்நாட்டில் 2025-ல் வந்த விதிகள் அவற்றை நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்று தடுத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்து சட்டம் போட்டது. ஆட்டம் போனாலும் ஏமாற்று வேலைகள் போகவில்லை. வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், முதலில் கொஞ்சம் பணம் கட்டு என்பார்கள். கம்போடியாவில் டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப்போய் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. வேலை தருகிறேன் என்கிறவர் உங்களிடம் காசு கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். "நீ சும்மாதான இருக்க" என்று சொல்லித்தான் எல்லா வேலையும் வருகிறது. ரேஷனுக்குப் போ, கேஸ் புக் பண்ணு, சித்தியை பஸ் ஏற்றிவிட்டு வா. வேலை பெரிதில்லை. எந்த நிமிஷமும் கூப்பிடலாம் என்பதுதான் வலிக்கிறது. அதற்குப் பதிலாக முழுப் பொறுப்பு ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் வரும் நாளில் பிடித்து நிரப்புவது, ஆச்சியின் ஆஸ்பத்திரியும் மாத்திரையும், இராத்திரிச் சமையல், இப்படி ஒன்று. அது அவன் பொறுப்பு என்றால் அவனே பார்த்துக்கொள்வான். மற்ற நேரத்தில் கூப்பிட வேண்டாம். இராத்திரிச் சமையலை மகனுக்கும்தான் சொல்கிறேன்.

மகள்கள் விஷயம் வேறு. அவர்களுக்குக் காலி நேரமே இருப்பதில்லை. 2024-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். வேலை தேடும் மகளின் பகலை அடுப்படி விழுங்கிவிடுகிறது. படிக்க உட்கார்ந்தால் வரன் பார்க்கிற பேச்சு வருகிறது. மரியன்தாலிலும் பெண்களின் பொழுது வீட்டு வேலையால் நிறைந்தே இருந்தது. ஆனாலும் அந்தப் பெண்கள் ஆலைக்குத் திரும்பிப் போகவே ஆசைப்பட்டார்கள், காசுக்காக மட்டும் அல்ல. இங்கே மகளுக்கு வேண்டியது தினமும் சில மணி நேரம் வீட்டை விட்டு வெளியேறும் உரிமை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் அதற்குப் பிறகுதான் நூலகத்துக்குத் தவறாமல் வரத் தொடங்கினார்கள். டிக்கெட்டுக்குக் காசு கேட்க வேண்டாம் என்றதும், எதற்குப் போகிறாய் என்ற கேள்வியும் பாதி குறைந்தது என்றார்கள்.

கடைசியாக, பல வீடுகளில் பேசப் பயப்படும் ஒரு விஷயம். எவ்வளவு நாள் காத்திருப்பது? அரசுத் தேர்வுக்கென்று ஆறு வருஷம், ஏழு வருஷம் போய்விடுகிறது. பிள்ளை கேட்டால் அப்பாவுக்கு நம்பிக்கை போய்விடும் என்று பயம். அப்பா கேட்டால் பிள்ளை ஏதாவது செய்துகொள்வானோ என்று பயம். ஆகவே அந்தப் பெரிய கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக, "என்ன ஆச்சு?" என்ற சின்னக் கேள்வி தினமும் கேட்கப்படுகிறது. ஒருநாள் உட்கார்ந்து தேதி பேசுங்கள். இந்தத் தேதி வரை படிப்பேன், கிடைக்காவிட்டால் கிடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவேன் என்று தேதியைப் பிள்ளை சொல்லட்டும். அதுவரை கேட்பதில்லை என்று பெற்றவர்கள் ஒத்துக்கொள்ளட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதைச் செய்தார்கள். அப்பா தையல்காரர். கேட்காமல் இருப்பது தனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று என்னிடம் வந்து சொல்வார். சொந்தக்காரர்கள் கேட்டால் பதிலை அவரே சொன்னார், மகனிடம் அனுப்பவில்லை. முடிவு தள்ளிப்போனதால் ஒருமுறை தேதியையும் தள்ளி வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது தேதி வந்தபோது மகன் தானாகவே ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தான். பகல் அங்கே, இரவு எட்டுக்கு மேல் படிப்பு. அடுத்த தேர்வுக்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறான்.